டபிள்ஸ் போறவை உழக்கிறேல்லை

மே 7, ஞாயிறு

காலைச் சீனி ஏழு தசம் இரண்டு.

இந்தக் கொப்பியை மகள் வாசுகி தந்தது சீனி அளவை எழுதிவைக்க. டொக்டருக்குக் காட்டவேண்டுமாம். ஒரு நாளைக்கு ஒரு இலக்கம் எழுத இவ்வளவு தாளா? மிச்ச இடத்தில் நான் எழுதப்போகிறேன். அனலைதீவுப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை பிடிக்கிறவர்கள் தங்கள் வீட்டுக்குள் போய்ப் பிடிக்கட்டும்.

இன்று பேத்தி ஆரபி வந்து போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். முழுக்க நீலம். நடுவில் ஒரு பச்சைப் பொட்டு.

“இதென்ன, மை ஊத்துண்ட சட்டை மாதிரி?”

“ஏரி அம்மம்மா. ரொறொன்ரோவில இருந்து வடக்க, கார்ல ஒரு பகல் போகவேணும். நடுவில இருக்கிறது தீவு. அங்க கார் விடமாட்டினம். படகில போய் இறங்கி, சைக்கிளிலதான் திரியவேணும். ஜூலையில போறன். நீங்களும் வாறீங்கள்.”

“ஏரிக்குள்ள என்னடி தீவு? தீவெண்டால் கடலுக்குள்ளதான்.”

“கடல் மாதிரித்தான். அங்கால் கரை தெரியாது.”

“தண்ணி உப்போ?”

“இல்லை. நல்ல தண்ணி. குடிக்கலாம்.”

அனலைதீவில் எங்களைச் சுற்றிக் கடல், ஆனால் வாயில் வைக்க ஒரு சொட்டுக் கிடையாது. எங்கள் வளவுக் கிணறு உவர். அம்மா இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாக நல்ல தண்ணிக் கிணற்றுக்குப் போவா. அங்கே “பேந்து வா” என்று அம்மாவைத் திருப்பி அனுப்பிய மனுசியின் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியும். எழுதமாட்டேன். அவளுடைய பேரன் இந்தத் தெருவில்தான் பல் டொக்டராக இருக்கிறான். நான் அவனிடம் பல் காட்டுவதில்லை.

நாலு பக்கமும் நல்ல தண்ணி, நடுவில் ஊர். அப்படி ஒன்றைக் கடவுள் செய்து வைத்திருந்தால், கண்ணை மூடுவதற்குள் ஒருமுறை அங்கே படுத்து எழும்பவேண்டும்.

“யாழ்ப்பாணத்துப் பொம்பிளையள் எல்லாரும் சைக்கிள் ஓடுவினம்தானே? உங்களுக்கு இது சிம்பிள்,” என்றாள் ஆரபி.

அவள் கேட்டது யாழ்ப்பாணத்துப் பெண்களைப் பற்றி. ஓம் என்றேன். அது உண்மைதானே.

செப்டெம்பரில் அவள் வேலைக்கு வான்கூவர் போகிறாள். அது இந்த நாட்டின் மற்ற அந்தம். வாசுகி தன் அறைக்குள் போய் அழுகிறாள். நான் அழுவதில்லை. அழுதால் சீனி ஏறும்.

மே 13, சனி

ஆரபி சிநேகிதியின் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்துக் கார் நிறுத்தும் இடத்தில் வைத்தாள். சீட் உயரம். இறக்கித் தந்தாள். பிறகு காற்று சரியில்லை. பிறகு சேலை. பிறகு அங்கே ஒரு சீனக் கிழவர் நாயோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்நிய ஆம்பிளைக்கு முன்னால் சைக்கிள் ஏறும் வழக்கம் எங்களிடம் இல்லை.

“எப்பயிருந்து இல்லை?” என்றாள் ஆரபி.

“எப்பவும்,” என்றேன்.

மே 14

முழங்கால் நோ.

மே 21, ஞாயிறு

கோயிலுக்குப் போயிருக்கக் கூடாது.

பிரசாதம் வாங்கும் வரிசையில் யோகம் நின்றாள். செத்துப்போன என் மனுசனின் தங்கை, யோகாம்பிகை. எனக்கு மச்சாள் முறை. எங்கள் கட்டடத்துக்கு மூன்று கட்டடம் தள்ளித்தான் இருக்கிறாள். செத்தவீட்டில் மட்டும் கதைப்போம். இப்போதும் தமிழ்க் கடைக்குச் சைக்கிளில்தான் போகிறாள், கூடையில் முருங்கையிலை தொங்கத் தொங்க. ஊரே பார்க்கவேண்டும் என்று.

ஆரபிக்கு வாய் சும்மா இருக்காது. “அன்ரி, நானும் அம்மம்மாவும் சைக்கிள் ட்ரிப் போறம்.”

யோகம் கையிலிருந்த பொங்கல் புக்கைத் தொன்னையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். வைத்துவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு அது.

“ஆர், மச்சாளோ? மச்சாள் எந்தக் காலத்தில பிள்ளை சைக்கிள் ஓடினவ? எங்கட அண்ணர் சண்டிலிப்பாயில ஒழுங்கை ஒழுங்கையாப் பிடிச்சுக்கொண்டு ஓடிப் பழக்கினவர். கடைசியில மச்சாள் ஓடப் பழகேல்லை, அண்ணர் வேலி அடைக்கப் பழகினதுதான் மிச்சம்.”

அந்த வேலி ஏற்கெனவே உக்கல். அதை நான் அங்கேயே சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை.

அவள் அன்றும் இப்படித்தான். நான் கலியாணம் முடித்து வந்த அன்று பச்சைப் பாவாடை, இரட்டைப் பின்னலோடு படலையடியில் நின்று, பந்தலில் இருந்த அத்தனை சனத்துக்கும் கேட்கச் சொன்னாள்: “மச்சாள் தீவாள். வள்ளத்தில வந்தவ. சைக்கிளைக் கண்டால் பயப்பிடுவா.” தீவாள் என்ற சொல்லை அவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்று தீவில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். சோற்றில் கல் கடிபட்ட மாதிரிச் சொல்வார்கள்.

அதையாவது சின்னப்பிள்ளை என்று விட்டுவிடலாம். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு அவள் சின்னப்பிள்ளை இல்லை. யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரே றோட்டில் இறங்கிய அந்த மழை இரவில், நான் அவளுடைய சைக்கிள் கரியரில் இருந்தேன். என் மனுசனும் வாசுகியும் கொழும்பில். அவளுடைய தையல் மெசின் பக்கத்து வீட்டு லான்ட்மாஸ்டர் உழவு வண்டியில் வந்துகொண்டிருந்தது. நாவற்குழியில் அவர்கள் இடமில்லையென்று மெசினை இறக்கிவிட்டார்கள். யோகம் மெசினைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“இறங்குங்கோ மச்சாள்,” என்றாள்.

என்னை இறக்கி, மெசினை ஏற்றிக்கொண்டு போனாள். இதை நான் மறந்தால் என் பெயர் தையல்நாயகி இல்லை.

மே 22

ஆரபி கட்டிலில் வந்து பக்கத்தில் இருந்தாள்.

“அம்மம்மா, அப்ப நீங்கள் எப்பிடி எல்லா இடமும் போனீங்கள்?”

“டபிள்ஸ்.”

“அதென்ன?”

“ஆம்பிளை முன்னுக்கு ஓடுவார். நாங்கள் கரியரில ஒரு பக்கமாக் காலைப் போட்டுக்கொண்டு இருப்பம். பொலிஸைக் கண்டால் குதிச்சு நடப்பம். உன்ர அப்பப்பா நான் குதிச்சது தெரியாமல் ஒருநாள் மானிப்பாய் மட்டும் தனியக் கதைச்சுக்கொண்டு போனவர்.”

அப்பப்பா என்று எழுதிவிட்டேன். அம்மப்பா. அவர் தனியாகக் கதைத்துக்கொண்டு போனதை நினைத்தால் கை தானாகப் பிழையாக எழுதுகிறது.

ஆரபி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு போனைத் தட்டினாள். “அந்தத் தீவில டபிள்ஸ் இருக்கு அம்மம்மா! டான்டெம் எண்டு பேர். ஒரு சைக்கிளில ரெண்டு பேர். முன்னுக்கு இருக்கிறவ பிடிச்சு ஓட, நீங்கள் பின்னுக்கு.”

டபிள்ஸ் என்றால் எனக்கு ஒரு பயமும் இல்லை. அதில் என்னை வெல்ல ஆளில்லை.

ஜூன் 4, ஞாயிறு

சீனி எட்டு. கொப்பியில் ஏழு என்று எழுதலாமா என்று யோசித்தேன். இதுவும் அதே கொப்பிதான் என்று பிறகு ஞாபகம் வந்தது.

ஒரு சிக்கல். ஆரபி தன் சைக்கிளுக்குப் பின்னால் சாமான் வண்டில் இழுக்க வேண்டுமாம். அரிசி, சட்டி, கூடாரம், என் மருந்துப் பெட்டி எல்லாம் அதில்தானாம். அதனால் டான்டெமில் முன்னால் இருக்க வேறு ஒருவர் வேண்டும். அவளுடைய சிநேகிதிகள் ஒருவருக்கும் லீவு இல்லை. மருமகனுக்கு முதுகு. வாசுகிக்குத் துணிவில்லை.

“எங்களுக்குத் தெரிஞ்ச ஆக்களில நல்லாச் சைக்கிள் ஓடுற ஆள் ஆர் அம்மம்மா இருக்கினம்?” என்று கேட்டுவிட்டு, யன்னலுக்கு வெளியே பார்த்தாள். பாவம் பிள்ளை, ஒரு வழியும் தெரியாமல் நிற்கிறது.

ஒருவரும் இல்லை என்றேன்.

ஜூன் 10, சனி

யோகம் வந்தாள்.

நான் கூப்பிடவில்லை. “ஒருத்தரும் இல்லையெண்டால் அந்தக் கீரைக்காரியைக் கேட்டுப் பார்” என்று மட்டும்தான் சொன்னேன்.

கார் நிறுத்தும் இடத்தில் டான்டெம் நின்றது. நீளமான சாமான், இரண்டு சீட், இரண்டு பிடி. யோகம் அதை ஒருமுறை சுற்றி வந்தாள், மாடு வாங்க வந்தவள் மாதிரி. பிரேக்கைப் பிடித்தாள், சில்லை அமர்த்தினாள், முன்னால் ஏறி ஒரு காலை நிலத்தில் ஊன்றினாள்.

“ஏறுங்கோவன், பொலிஸ் இல்லை.”

நான் சேலையை ஒதுக்கிக்கொண்டு ஒரு பக்கமாக இருந்தேன். அவளுடைய இடுப்பைப் பிடித்தேன். மெலிந்திருக்கிறாள். ஆரபி தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“அம்மம்மா, அப்பிடி இல்லை! ரெண்டு பக்கமும் கால் போடவேணும். உங்களுக்கும் பெடல் இருக்கு. நீங்களும் உழக்கவேணும்!”

“டபிள்ஸ் போறவை உழக்கிறேல்லை,” என்றேன்.

“அண்ணர் பழக்கின பழக்கம்,” என்றாள் யோகம். “மகாராணியைச் சும்மா ஏத்தித் திரிஞ்சவர். சேலையோட சில்லுக்குள்ள போகப்போறியள் மச்சாள். இறங்குங்கோ.”

அந்தச் சொல்லைச் சொன்னாள். இறங்கினேன். இறங்கி வீட்டுக்கு நடந்து வந்துவிட்டேன்.

ஜூன் 13

கதவில் ஒரு பை தொங்கியது. உள்ளே காற்சட்டை மாதிரித் தைத்த பருத்திச் சல்வார், நாவல் நிறம், இடுப்பில் மருந்து வைக்க ஒரு பொக்கற். என்னை அளவெடுக்காமல் யோகம் தைத்திருக்கிறாள். போட்டுப் பார்த்தேன். ஒரு நூல் பிசகாமல் இருந்தது.

அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 17, சனி

சல்வார் போட்டுக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் காலைப் போட்டேன். இரண்டு பெடலும் ஒன்றாகச் சுற்றுகிற சைக்கிள் அது. அவள் உழக்க, என் கால் தன்பாட்டில் சுற்றியது. நான் பலம் கொடுக்கவில்லை. இரண்டு சுற்றுப் போனோம். காற்று முகத்தில் அடித்தது. நல்ல காற்று.

நின்றதும் யோகம் மூச்சு வாங்கினாள். “மச்சாள், நீங்கள் கொஞ்சம் உழக்கினால் என்ன? அரிசி மூட்டை ஏத்தின மாதிரி இருக்கு.”

“மெசின் ஏத்தினால் பாரம் குறைவோ?”

சொல்லக்கூடாது என்று நினைத்திருந்தேன். வாயில் வந்துவிட்டது. யோகம் சைக்கிளை விட்டு இறங்கினாள்.

“ஓம், ஏத்தினன். அந்த மெசின்தான் வன்னியில எங்கள் ரெண்டு பேருக்கும் சோறு போட்டது. சரி, கதையைத் தொடங்கினால் முடியுங்கோ. மெசினைக் கொடிகாமத்தில வைச்சிட்டு நான் என்ன செய்தனான்?”

நான் வானத்தைப் பார்த்தேன்.

“என்ன செய்தீங்கள் அன்ரி?” என்றாள் ஆரபி.

“திரும்பி வந்தனான் பிள்ளை. உன்ர அம்மம்மாவை ஒரு மதகில இருத்திப்போட்டுப் போனனான். அங்க வந்து ஏத்திக்கொண்டு போனனான். அதை இவ உனக்கு ஒருநாளும் சொல்லேல்லையோ?”

“பிந்தித்தான் வந்தவள்,” என்றேன்.

“ஓம். பிந்தித்தான் வந்தனான்,” என்றாள் யோகம். சைக்கிளைப் பூட்டிவிட்டுப் போனாள்.

ஜூன் 18

அவள் வந்தது உண்மை. அவள் வரவில்லை என்று நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. என் கதை அந்த இடத்தில் முடிந்துவிடும், அவ்வளவுதான்.

ஜூன் 24, சனி

வீட்டில் சண்டை. யோகமும் வருகிற கதை வாசுகியின் காதுக்குப் போய்விட்டது.

“அம்மா, உங்களுக்குச் சீனி. யோகம் அன்ரிக்கு நெஞ்சில ரெண்டு குழாய் வைச்சு இன்னும் ஒரு வருசம் முடியேல்லை. ஒருத்தரும் இல்லாத தீவில ரெண்டு பேரையும் ஆர் தூக்குறது? வேண்டாம். முடிஞ்சுது.”

“என்ன குழாய்?”

“உங்களுக்குத் தெரியாதோ? போன ஆடியில. ஆஸ்பத்திரியில ஒரு கிழமை கிடந்தவ.”

எனக்குத் தெரியாது. போன ஆடியில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியும். பால்கனியில் நின்று, கீரைக்காரியை இந்த வழியில் காணவில்லையே, ஆட்டம் அடங்கிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூழ் காய்ச்சினேன். ஒடியல் மா போட்டு, நண்டு போடாமல், உப்புக் குறைத்து. எடுத்துக்கொண்டு நடந்து போனேன். யோகம் கதவைத் திறந்து என்னையும் சட்டியையும் பார்த்தாள்.

“ஆர் செத்தது?” என்றாள்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொல்லியிருந்தால் வந்திருப்பியளோ?”

“வந்திருக்கமாட்டன். ஆனால் நீ சொல்லியிருக்கவேணும்.”

அவள் இரண்டு கோப்பை எடுத்து வைத்தாள். பனையோலைப் பிளா இல்லாமல் கூழ் குடிப்பது ஒரு குடியா என்று நான் சொல்ல, கனடாவில் பனை நட்டு வைக்காதது உங்கள் பிழை என்று அவள் சொன்னாள். சமதரையில் எவ்வளவும் ஓடலாம் என்று அவளுடைய டொக்டர் சொன்னாராம், ஏற்றம் மட்டும் கூடாதாம். அந்தத் தீவில் இறங்குதுறையில் மட்டும் ஒரு சின்ன ஏற்றம், அதை நடந்து ஏறலாம், மிச்சமெல்லாம் தட்டை என்று ஆரபி காட்டியிருக்கிறாளாம்.

“உனக்கு எப்ப காட்டினவள்?”

“சித்திரையில,” என்றாள் யோகம்.

சித்திரையில் எனக்கே காட்டவில்லை.

கூழ் நன்றாக இருந்தது என்று அவள் சொல்லவில்லை. சட்டியைக் கழுவித் தந்தாள்.

ஜூலை 1

வாசுகியிடம் சொன்னேன்: “நீ வேண்டாம் எண்டால் நான் போகேல்லை. ஆனால் ஒண்டு கேள். சாகிறதுக்கு முதல் ஒரு தீவில படுத்து எழும்பவேணும் எண்டு நினைக்கிறன். எங்கட தீவுக்கு இனி என்னால போகேலாது. போனாலும் அங்க நான் படுத்த வீடு இல்லை. இது கிட்ட இருக்கு. பிள்ளை கூட்டிக்கொண்டு போறன் எண்டு நிக்கிறாள். செப்டெம்பருக்குப் பிறகு அவளும் இல்லை.”

அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த பாத்திரத்தையே திரும்பத் துடைத்தாள்.

“காலையும் பின்னேரமும் சீனி பார்க்கவேணும். ஒவ்வொரு நாளும் போன் எடுக்கவேணும். அன்ரியை ஏற்றத்தில ஓடவிடக் கூடாது.”

“நான் விட்டால்தானே,” என்றேன்.

ஜூலை 15, சனி

பார்க்கைச் சுற்றி மூன்று சுற்று. நான் உழக்கவில்லை. யோகம் கேட்கவும் இல்லை.

ஜூலை 22

சாமான் கட்டுகிறோம். நல்லெண்ணெய், ஊறுகாய், பருத்தித்துறை வடை, குளிருக்கு என் கம்பளித் தொப்பி. ஆரபி எல்லாவற்றையும் தராசில் வைத்துப் பார்த்து அரைவாசியை வெளியே எடுத்தாள். வடையை நான் மருந்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

ஜூலை 28, வெள்ளி

பகல் முழுக்கக் கார். மரம், கல், மரம், கல். யோகம் பின்சீட்டில் நித்திரையாகி என் தோளில் சாய்ந்தாள். நான் தட்டிவிடவில்லை. பாரமாக இல்லை.

இப்போது ஏரிக்கரையில் ஒரு அறையில் இருக்கிறோம். நாளைக் காலை படகு. அங்கே ஒரு பச்சைக் கோடு தெரிகிறது. அதுதான்.

ஜூலை 29, சனி

எழுதவேண்டியது நிறைய இருக்கிறது.

படகில் நான் முன்னால் நின்றேன். மற்றவர்கள் கம்பியைப் பிடித்தார்கள். நான் பிடிக்கவில்லை. வள்ளத்தில் வந்தவளுக்குக் கம்பி எதற்கு? யோகத்துக்குத் தலை சுற்றியது. அவளுடைய கையை நான்தான் பிடித்திருந்தேன்.

“மச்சாள் தண்ணியைக் கண்டால் பயப்பிடுவா,” என்று ஆரபிக்குச் சொன்னேன். அத்தனை சனத்துக்கும் கேட்கச் சொன்னேன். இத்தனை வருசம் வைத்திருந்த சொல், நன்றாக இருந்தது. யோகம் வாந்தி வருகிறதற்கு நடுவிலும் சிரித்தாள்.

துறையில் எங்களுக்கு ஒரு சிவப்பு டான்டெம் தந்தார்கள். ஆரபி சாமான் வண்டிலோடு முன்னால் போனாள். சின்ன ஏற்றம் என்றார்கள். அது சின்னதில்லை. நடந்து ஏறத்தான் பேச்சு. ஆனால் யோகத்தை எனக்குத் தெரியும். சைக்கிளில் ஏறிவிட்டால் இறங்குகிற பிறவி இல்லை அவள். தொடங்கிவிட்டாள். பாதி ஏற்றத்தில் அவளுடைய முதுகு மேலும் கீழும் போனது. சட்டை நனைந்துவிட்டது. சைக்கிள் ஆடியது.

“இறங்குங்கோ மச்சாள்,” என்றாள்.

அதே குரல். அதே சொல். எனக்கு அந்த மதகு ஞாபகம் வந்தது. மழை, ஈரக்கல், என்னைத் தாண்டிப் போன சனம், தலையில் மூட்டை, தோளில் பிள்ளை, எல்லாரும் ஒரே பக்கம். விடியும்போது அந்தச் சனத்துக்குள்ளே ஒரேயொரு சைக்கிள் மற்றப் பக்கமாக வந்தது. எல்லாரும் ஏசினார்கள், தள்ளினார்கள். அவள் மணியை அடித்துக்கொண்டு, “மச்சாள், மச்சாள்” என்று கத்திக்கொண்டு வந்தாள். அன்று அந்த றோட்டில் எனக்காக எதிராக வந்த ஒரே ஆள்.

“இறங்கமாட்டன்,” என்றேன்.

“விசர்க்கதை கதையாதேங்கோ. எனக்கு ஏலாது.”

“நீ காலைச் சும்மா வை. பிடியை மட்டும் நேராப் பிடி.”

பெடலில் பலத்தைக் கொடுத்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முழங்கால் சத்தம் போட்டது. பிறகு சைக்கிள் நகர்ந்தது. ஒரு கோழி நடந்தால் எங்களை முந்தியிருக்கும். ஆனால் நகர்ந்தது.

“டபிள்ஸ் போறவை உழக்கிறேல்லை எண்டு ஆரோ சொன்னவை,” என்றாள் யோகம், மூச்சுக்கு நடுவில்.

“வாயை மூடிக்கொண்டு மூச்சு விடு.”

உச்சியில் ஆரபி நின்றாள். போனை எங்கள் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்னமெல்லாம் தண்ணி. இந்தப் பிள்ளையும் தாயைப்போலத்தான்.

கூடாரத்துக்குப் போகுமுன் கரைக்குப் போனோம். யோகத்தை ஒரு கல்லில் இருத்தினேன். என்னை மதகில் இருத்தின மாதிரி இல்லை; வெளிச்சத்தில், ஆரபிக்குப் பக்கத்தில், அவள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நான். குனிந்து, இரண்டு கையாலும் அள்ளி முதலில் அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வழியில் பாதி சிந்திவிட்டது.

“எப்பிடி?” என்றேன்.

குடித்துவிட்டு யோசித்தாள். “நல்ல தண்ணி மச்சாள். தீவாருக்கு இவ்வளவு நல்ல தண்ணி கிடைச்சிட்டுதே,” என்றாள்.

சொல் அதேதான். கல் கடிபடவில்லை.

ஜூலை 30

நாலு பக்கமும் தண்ணி. படுத்து எழும்பினேன்.

ஜூலை 31, திங்கள்

சீனி ஐந்து தசம் ஒன்பது. வாசுகிக்குப் போனில் சொன்னேன். நம்பவில்லை.

இன்று முழுக்கத் தட்டையான றோட்டு. காற்று இல்லை. ஒரு பக்கம் புல், ஒரு பக்கம் மணல். காலையில் சைக்கிளடியில் நின்று, “இண்டைக்கு நான் முன்னுக்கு இருக்கட்டோ?” என்று கேட்டேன். ஆரபி தேநீரைத் தன் மேலேயே ஊற்றிக்கொண்டாள்.

யோகம் றோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கண்ணுக்கெட்டிய மட்டும் பார்த்தாள்.

“இஞ்ச வேலி ஒண்டும் இல்லைத்தானே,” என்றாள். பின்சீட்டில் ஏறி இருந்து, என் இடுப்பைப் பிடிக்கக் கையை நீட்டினாள். “ஏறுங்கோ மச்சாள்.”